தூய எரிசக்திக்கு மாறுவதில் அரசின் வேலை என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை விட்டு வெயில், காற்று, நீர் தரும் மின்சாரத்துக்கு மாறுவது பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே இயந்திரங்களின் பக்கம் போய்விடுகிறது. எந்த பேனல் நல்லது, எந்த பேட்டரி நாள்பட உழைக்கும் என்று. இங்கே உள்ள கேள்விகள் வேறு மாதிரி: சட்டம் யார் போடுவது, செலவை யார் தாங்குவது, வேலை போனவருக்கு யார் பொறுப்பு, எந்த வேலையை முதலில் செய்வது. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல நல்ல திட்டங்கள் தோற்றுப்போயிருக்கின்றன என்பது என் எண்ணம். அதனால் பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

சோலார் பேனல் இவ்வளவு மலிவாகிவிட்டதே, இனியும் அரசு எதற்கு? சந்தையே பார்த்துக்கொள்ளாதா?

பேனல் மலிவானதிலேயே அரசுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெர்மனி 2000-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூரையில் பேனல் வைத்தவரோ காற்றாலை நிறுத்தியவரோ தரும் மின்சாரத்தை, முன்கூட்டியே நிர்ணயித்த விலையில், 20 ஆண்டுகளுக்கு வாங்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். இருபது வருட வருமானம் காகிதத்தில் உறுதியானதும் வங்கிகள் கடன் கொடுத்தன. கடன் கிடைத்ததும் ஆர்டர் குவிந்தது. ஆர்டரைப் பார்த்துச் சீனாவில், அங்குள்ள அரசின் ஆதரவோடு, தொழிற்சாலைகள் எழுந்தன. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் பேனல் விலை சுமார் 90 விழுக்காடு இறங்கியது.

பேனல் மலிவாகிவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள வேலைகள் அப்படியேதான் இருக்கின்றன. மின்பாதை போட வேண்டும், நிலத்துக்கு அனுமதி வேண்டும், பாதி ஆயுள்கூட முடியாத அனல் மின்நிலையத்தின் கடனை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். இவற்றை எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து செய்யாது.

அப்படியானால் எதை முதலில் செய்ய வேண்டும்?

மின்பாதையை. இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காற்று அதிகம் வீசுவது மேற்குப் பகுதியில், மக்கள் அதிகம் வாழ்வது கிழக்குப் பகுதியில். மின்பாதை இல்லாததால் காற்றாலைக்கு யாரும் முதலீடு செய்யவில்லை. காற்றாலை இல்லாததால் மின்பாதைக்கு யாரும் பணம் போடவில்லை. 2005-இல் மாநில அரசு சட்டம் போட்டு இந்த முடிச்சை அவிழ்த்தது: எங்கே காற்று அதிகம் என்று பார்த்து மண்டலம் குறி, ஆலை வருமுன்பே கம்பியை இழு, செலவை எல்லா நுகர்வோரின் கட்டணத்திலும் பரப்பு. 2014 தொடக்கத்தில் வேலை முடிந்தபோது சுமார் 5,800 கிலோமீட்டர் பாதை நின்றது. செலவு கிட்டத்தட்ட 700 கோடி டாலர். காற்றாலைகள் அதன் பின்னால் வந்து சேர்ந்தன. பெட்ரோலியத்துக்குப் பேர்போன அந்த மாநிலம்தான் இன்று அமெரிக்காவில் காற்று மின்சாரத்தில் முதலிடம்.

சீனாவின் கன்சு மாகாணத்தில் வரிசை தலைகீழாக நடந்தது. காற்றாலைகள் வேகமாக எழுந்தன, பாதை பின்தங்கியது. 2016-இல் அங்கே கிடைத்திருக்கக்கூடிய காற்று மின்சாரத்தில் சுமார் 43 விழுக்காடு எடுக்க வழியில்லாமல் வீணானது. காற்று நன்றாக வீசும் நாளில், சுற்றக்கூடிய இறக்கையை நிறுத்தி வைத்துவிட்டு, வேறெங்கோ நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. பிறகு தொலைதூர உயரழுத்தப் பாதைகள் வந்ததும் இந்த வீணடிப்பு வெகுவாகக் குறைந்தது.

திறப்பு விழாவுக்குக் காற்றாலை பொருத்தமான இடம், படம் நன்றாக வரும். துணை மின்நிலையத்துக்கு அந்த யோகம் இல்லை. அதனால்தான் பட்ஜெட்டில் அது பின்னால் தள்ளப்படுகிறது.

2050-க்குள், 2070-க்குள் நெட் ஜீரோ என்று நாடுகள் அறிவிக்கின்றன. இலக்கு அறிவிப்பதால் என்ன நடக்கும்?

நெட் ஜீரோ என்றால், வெளிவிடும் பசுங்குடில் வாயுக்களைக் கூடுமானவரை குறைத்து, மிச்சத்தைக் காடு வளர்ப்பு போன்ற வழிகளில் திரும்ப உறிஞ்சி, கணக்கைச் சமன் செய்வது. 2015-இன் பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் திட்டத்தைப் புதுப்பித்துத் தர வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். நிறைவேற்றாவிட்டால் தண்டனை கிடையாது.

ஆகவே வெறும் அறிவிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இலக்கு ஆண்டு வரும்போது, அறிவித்த அமைச்சர் பதவியில் இருக்கப்போவதில்லை. அறிவிப்பை இன்றைய வேலையாக மாற்றும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டன் 2008-இல் போட்ட சட்டம் இதற்கு நல்ல மாதிரி. 2050 என்ற தூரத்து இலக்கை அது ஐந்தைந்து ஆண்டுகளாக வெட்டியது. ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் இவ்வளவுதான் வெளிவிடலாம் என்ற உச்சவரம்பு சுமார் 12 ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். அரசுக்குக் கட்டுப்படாத ஒரு நிபுணர் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும். எங்கே பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அது கேட்டால் அரசு பதில் சொல்லியே தீர வேண்டும். அதோடு 2013 முதல், வெளிவிடும் கார்பனுக்கு மின்நிலையங்கள் கொடுக்க வேண்டிய ஒரு குறைந்தபட்ச விலையும் சேர்ந்தது. 2012-இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. 1882-இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிவைத்த நாடு அது.

ஆட்சி மாறினால் எல்லாம் போய்விடுமே?

போகத்தான் போகிறது, ஒரு கட்சியின் திட்டமாக மட்டும் இருந்தால். ஆஸ்திரேலியாவில் கார்பன் விலை 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, ஆட்சி மாறி, 2014 ஜூலையில் ரத்தானது. இரண்டே வருடம்.

உருகுவே வேறு வழியில் போனது. 2008-இல் எரிசக்திக் கொள்கையை வகுத்தது. 2010-இல் நாடாளுமன்றத்திலிருந்த எல்லாக் கட்சிகளும் அதில் கையெழுத்திட்டன. எந்தத் தேர்தலில் யார் வந்தாலும் ஒப்பந்தம் நிற்கும் என்று முதலீட்டாளர்களுக்குத் தெரிந்தது. பத்தாண்டுக்குள் அந்நாட்டின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் புதுப்பிக்கத்தக்கதாகிவிட்டது. பேச்சுவார்த்தைக்குச் செலவான மாதங்களை வீண் என்று யாரும் இப்போது சொல்ல முடியாது.

இன்னொரு வகைச் சறுக்கலும் உண்டு: ஆட்சி மாறாமலேயே வாக்கு மாறுவது. ஸ்பெயின் 2007-இல் சோலாருக்கு மிகத் தாராளமான விலை அறிவித்தது. அடுத்த ஆண்டே 2,500 மெகாவாட்டுக்கும் மேல் குவிந்தது, கருவூலம் தாங்கவில்லை. 2010-இலிருந்து, ஏற்கெனவே பேனல் வைத்தவர்களுக்குக் கொடுத்த விலையையும் குறைக்க ஆரம்பித்தார்கள். புதிதாக வருபவருக்குக் குறைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய வாக்கில் கைவைத்ததும் சர்வதேச நடுவர் மன்றங்களில் வழக்குகள் வரிசைகட்டின.

கார்பன் வரி, கார்பன் சந்தை இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

வரி என்றால், வெளிவிடும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் இவ்வளவு என்று அரசு விலை வைக்கும். எவ்வளவு குறையும் என்பது சந்தையின் கையில். சந்தை என்றால் மொத்த அளவுக்கு அரசு வரம்பு வைக்கும்; அந்த அளவுக்குள், வெளிவிடுவதற்கான உரிமச் சீட்டுகளை வாங்கி விற்கலாம்; விலை தானாக அமையும்.

பின்லாந்து 1990-இலும் ஸ்வீடன் 1991-இலும் வரியைக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சந்தையைத் தொடங்கியது. ஆரம்பத்தில் சீட்டுகளை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். 2007-இல் விலை ஏறக்குறைய பூஜ்யம். உபரிச் சீட்டுகளைச் சந்தையிலிருந்து எடுத்து ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு 2019-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், வசூலான பணம் எங்கே போகிறது என்பதில்தான் மக்களின் கண் இருக்கும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

விலையை ஏற்றினாலே மக்கள் தெருவுக்கு வருகிறார்களே. அவர்களுக்குச் சுற்றுச்சூழலில் அக்கறை இல்லையா?

அக்கறை இல்லை என்று சொல்வது எளிது, நியாயமில்லை. பஸ் வராத இடத்தில் குடியிருப்பவர் பைக்கில்தான் வேலைக்குப் போக முடியும். பெட்ரோல் விலை ஏறினால் அவர் பயணத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது, வீட்டுச் செலவில்தான் எதையாவது குறைப்பார். மாற்று வழி கையில் இல்லாதவரிடம் விலையேற்றம் என்பது தண்டனைதான்.

2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் அங்கி போராட்டம் வெடித்தது. எரிபொருள் வரி உயர்வுதான் பொறி. அதே ஆண்டில் பெரும் செல்வந்தர்கள் மீதான சொத்து வரியை அரசு சுருக்கியிருந்தது. நகரத்துக்கு வெளியே வாழ்ந்து, தினமும் கார் ஓட்டியே ஆக வேண்டியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். யாருக்குத்தான் கோபம் வராது? டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது.

ஈரானின் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒரே நாடு இரண்டு விதமாகச் செய்து காட்டியது. 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டியபோது, விலை ஏறுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். கணக்கில் தொகை தெரியும். ஆனால் விலை ஏறும் நாள் வரை எடுக்க முடியாது. பெட்ரோல் பல மடங்கு உயர்ந்த அன்று காலை, பணமும் கையில் கிடைத்தது. ஊர் அமைதியாக இருந்தது. பிற்பாடு பணவீக்கம் அந்தத் தொகையின் மதிப்பைத் தின்றுவிட்டது என்பதும் உண்மை. 2019 நவம்பரில் மறுபடி விலையை ஏற்றினார்கள், இந்த முறை இரவோடு இரவாக. உதவித் தொகை அப்புறம் வரும் என்றார்கள். நாடெங்கும் போராட்டம் பரவியது, அது ஒடுக்கப்பட்டதில் ஏராளமானோர் உயிரிழந்தார்கள்.

முதலில் கையில் கொடு, அப்புறம் விலையைத் தொடு. இதை எந்த அரசு மறந்தாலும் விலை கொடுக்கிறது.

கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தது கண்ணுக்கும் தெரிய வேண்டும். கனடாவில் 2019-இல் வந்த எரிபொருள் கட்டணத்தில் சுமார் 90 விழுக்காடு வீடுகளுக்கே திரும்பிப் போனது. ஆனால் முதல் சில ஆண்டுகள் அது வருமான வரிக் கணக்குக்குள் கலந்து வந்தது. பிறகு நேரடியாகக் கணக்கில் விழுந்தபோதும், என்ன பணம் என்று வங்கி விவரத்தில் தெளிவாக இல்லை. பங்க்கில் போடும் காசு ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது, திரும்பி வந்த காசு படவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணம் நுகர்வோருக்கு நீக்கப்பட்டது.

நிலக்கரிச் சுரங்கத்திலும் அனல் மின்நிலையத்திலும் வேலை செய்பவர்கள் என்ன ஆவார்கள்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். சோலார் துறையில் அதைவிட அதிக வேலை வரும் என்று பதில் சொல்வது வழக்கம். கூட்டிக் கழித்தால் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் புதிய வேலை வேறு மாவட்டத்தில் வரும், வேறு வயதுக்காரருக்கு வரும், வேறு சம்பளத்தில் வரும். இருபத்தைந்து வருடம் கொதிகலன் பிரிவில் இருந்த, வீட்டுக்கடன் பாதி கட்டிய, மகள் கல்லூரியில் படிக்கிற ஒருவருக்கு அந்தப் புள்ளிவிவரம் எந்த ஆறுதலும் தராது.

நிலையத்தை மூடினால் பாதிக்கப்படுவது நிரந்தர ஊழியர் மட்டுமில்லை. சாம்பல் ஏற்றும் லாரிக்காரர், துப்புரவுக்கு வரும் ஒப்பந்தப் பெண்கள், ஊழியர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர், நிலையத்தின் வரியில் தெருவிளக்கு எரியவைக்கும் உள்ளாட்சி என்று வரிசை நீளும். தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டபோது நிரந்தர ஊழியர்கள் பெரும்பாலும் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பயிற்சியும் மாற்றுத் தொழிலும் மூடலுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை, பின்னால் வந்தன.

ஸ்பெயின் 2018 அக்டோபரில் சுரங்கத் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. பெரும்பாலான சுரங்கங்கள் அந்த ஆண்டு இறுதியில் மூடப்படும். 48 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு. மற்றவர்களுக்குச் சுரங்க நிலத்தைச் சீர்செய்யும் வேலையும் பயிற்சியும். வட்டாரத்துக்கு 25 கோடி யூரோ. அவசரமான காலக்கெடுதான். ஆனாலும் மூடும் தேதியும் நிவாரணமும் ஒரே காகிதத்தில் இருந்தன, தொழிலாளர் பிரதிநிதியின் கையெழுத்தும் அதிலேயே இருந்தது. ஜெர்மனி தொழிற்சங்கம், ஆலை அதிபர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், பாதிக்கப்படும் வட்டாரத்தினர் எல்லோரையும் ஒரு குழுவில் உட்காரவைத்தது. 2038-க்குள் நிலக்கரியை நிறுத்துவது, அந்த வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்குவது என்று 2019-இல் பரிந்துரை வந்தது. 2038 மிகத் தாமதம் என்று விமர்சிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

சோலார் பூங்காவுக்கும் காற்றாலைக்கும் நிலம் கொடுப்பவர்களுக்கு என்ன கிடைக்கும்?

அது ஒப்பந்தத்தின் வடிவத்தைப் பொறுத்தது. கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்கா 2,050 மெகாவாட் திறன் கொண்டது, சுமார் 13,000 ஏக்கரில் பரந்திருக்கிறது. அங்கே நிலத்தை விலைக்கு எடுக்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். அடிக்கடி வறட்சி பாதித்த பகுதி அது; விவசாயிக்கு மழையை நம்பாத ஆண்டு வருமானம் வந்தது, நிலமும் பெயரில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வயல்களில் கூலிக்கு வேலை செய்தவர்களிடமும் ஆடு மேய்த்தவர்களிடமும் பட்டா இல்லை, அதனால் குத்தகைப் பணமும் இல்லை. நிலம் யாருடையது என்று மட்டும் கேட்டால் இவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அந்த நிலத்தில் யாருடைய பிழைப்பு நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

டென்மார்க்கில் இன்னொரு வழி. கோபன்ஹேகன் கரைக்கு அருகே கடலில் 2000-இல் நிறுவிய 20 காற்றாலைகளில் பாதி, 8,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாயின. ஜன்னலைத் திறந்தால் தெரியும் காற்றாலையில் தனக்கும் ஒரு பங்கு இருந்தால், அதைப் பார்க்கும் கண்ணே வேறு.

வெயிலும் காற்றும் இல்லாத நேரத்தில் கரன்ட் போய்விடாதா?

சரியாகத் திட்டமிட்டால் போகாது. பேட்டரி, தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையம், பக்கத்து மாநிலங்களோடும் நாடுகளோடும் இணைப்பு, நேரத்துக்கு ஏற்ற கட்டணம், கூப்பிட்டதும் ஓடத் தயாராக நிற்கும் சில நிலையங்கள் என எல்லாம் சேர்ந்துதான் ஈடுகட்டும். சும்மா தயாராக நிற்பதற்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இது எந்த அமைச்சகத்தின் வேலை?

எரிசக்தித் துறையின் வேலை மட்டும் என்று நினைத்தால் பாதி வேலை நடக்காது. கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது நகரமைப்புத் துறையின் கையில், பஸ் போக்குவரத்துத் துறையின் கையில், வரியும் மானியமும் நிதித் துறையின் கையில். நிதித் துறை பெட்ரோல் வரி வருமானத்தை நம்பியிருக்கும்போது, அது குறைந்தால் ஈடுகட்ட என்ன வழி என்ற கேள்வி பேசப்படாமலே கிடக்கும்.

சில நேரம் சாதாரண அலுவலக வேலையே பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். இந்தியா 2015-இல் தொடங்கிய எல்இடி திட்டம் அப்படிப்பட்டது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கான பல்புகளை மொத்தமாக வாங்க அடுத்தடுத்து டெண்டர் விட்டது. கொள்முதல் விலை சில ஆண்டுகளில் மளமளவென்று சரிந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஜப்பான் 1990-களின் இறுதியில் வேறு உத்தி கண்டது: இன்று சந்தையில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதனம் எதுவோ, அதையே சில ஆண்டுகளில் எல்லாத் தயாரிப்பாளருக்கும் அளவுகோலாக்கியது.

அரசு செய்யாவிட்டால் நீதிமன்றம் போகலாமா?

போயிருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், பசுங்குடில் வாயு வெளியீட்டை 1990 அளவிலிருந்து 25 விழுக்காடாவது 2020-க்குள் குறைத்தே ஆக வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது. 2021-இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், சுமையை எல்லாம் அடுத்த தலைமுறையின் தலையில் தள்ளக்கூடாது என்றது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது உரிமை என்று 2024-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே விசித்திரமானது: அழியும் நிலையில் உள்ள கானமயில் ஒரு பக்கம், அதன் பறக்கும் வழியில் சோலார் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் இன்னொரு பக்கம். இரண்டுமே நமக்கு வேண்டும். தீர்ப்பு திசையைக் காட்டலாம், கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நிபுணர்களும் நிர்வாகமும்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பணக்கார நாடுகள் எரித்ததற்கு ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும்?

சுமக்கக் கூடாது. 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், ஏழை நாடுகளுக்காக 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை 2022-இல்தான் எட்டப்பட்டது, அதிலும் பெரும் பகுதி கடன். 2024-இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைத்தார்கள்.

இதில் கடன் வட்டி என்ற விஷயம் போதிய அளவு பேசப்படுவதில்லை. சோலாருக்கு எரிபொருள் செலவு கிடையாது, ஏறக்குறைய மொத்தச் செலவும் முதல் நாளே வந்துவிடும். ஆகவே வட்டி இரட்டிப்பானால் அதே பேனல், அதே வெயில், ஆனால் ஒரு யூனிட்டின் விலை வெகுவாக ஏறிவிடும். வெயில் கொட்டிக் கிடக்கும் பல ஏழை நாடுகள் இந்த வட்டியால்தான் நிலக்கரியை விட முடியாமல் நிற்கின்றன. குறைந்த வட்டிக் கடனும், நஷ்டத்துக்கு உத்தரவாதமும் தருவது தானம் ஆகாது, பழைய பாக்கியைத் தீர்ப்பது.

நான் ஒரு சாதாரண நுகர்வோர். எங்கே பார்ப்பது, என்ன கேட்பது?

அறிவிப்பைப் படித்ததும் பட்ஜெட்டைத் திறந்து பாருங்கள். மின்பாதைக்கு இந்த ஆண்டு எவ்வளவு, சென்ற ஆண்டு ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு. இலக்கு என்றால் எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் குறைக்கிறார்கள், யார் அளக்கிறார்கள், மரம் நட்டுச் சரிக்கட்டும் பங்கு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். நிலையம் மூடுகிறது என்றால் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியல் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் உள்ள இடங்களில் பொதுவாகக் கட்டணம் மாறுவதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்பார்கள். பெரிய ஆலைகளின் சார்பில் வழக்கறிஞர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள், வீட்டு நுகர்வோரின் நாற்காலிகள் காலியாக இருக்கும். போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாக, தேதியோடு, கெடு முடிவதற்குள் எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.